முசாங் கிங் வாங்கும்போது: காம்பைப் பாருங்கள், அடியைப் பாருங்கள்

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஏறி, பெந்தோங் வழியாக டுரியான் ஊரான ரவூப் வரை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். எங்கும் நிற்காவிட்டால் இரண்டு மணி நேரப் பயணம். ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை நிற்காமல் போவதுதான் கஷ்டம். பெந்தோங் தாண்டியதும் சாலையோரக் கொட்டகைகள், கூடைகளில் குவித்த பச்சை முள்ளுருண்டைகள், அட்டையில் கையால் எழுதிய விலைகள். டுரியானுக்குத் தமிழில் முள்நாறி என்று பொருத்தமான பெயர் இருக்கிறது. இந்தச் சாலையில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. மலேசியத் தமிழர்களுக்கும் இது டுரியான்தான்.

அட்டையில் ஒரே டுரியான் ரகத்துக்குப் பல பெயர் இருக்கும்: முசாங் கிங், எம்.கே., மாவ் ஷான் வாங், ராஜா குன்யிட், டி197. எல்லாம் ஒன்றே. டி197 என்பது மலேசிய விவசாயத் துறை 1993இல் பதிவு செய்த எண். முசாங் என்பது கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் வட்டாரத்தோடு சேர்ந்த பெயர். குன்யிட் என்றால் மலாயில் மஞ்சள். சுளையின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆனால் 'முசாங் குயின்' என்று எழுதியிருந்தால் அது தேக்கா, டி160. நல்ல பழம்தான், வேறு ரகம், வேறு விலை. ஒரு சொல் மாற்றத்தில் ஏமாந்து போகிறவர்கள் உண்டு.

பழத்தை முதலில் தலைகீழாகத் திருப்புங்கள். டுரியான் ஓட்டில் பொதுவாக ஐந்து தையல்கோடுகள் உண்டு. பழுத்தபின் வெடிப்பது அந்தக் கோடுகளில்தான். முசாங் கிங்கில் அவை அடியில் வந்து கூடும் இடத்தில் முள் இல்லாமல், பழுப்பு நிறத்தில் ஒரு நட்சத்திரம் தெரியும். அடுத்து மேற்புறம்: காம்பு குட்டையாக, தடியாக இருக்கும், அதைச் சுற்றி முள் குறைந்த வழுக்கை. முட்கள் அடி அகன்ற கூம்புகள், ஒன்றுக்கொன்று சற்று விலகி நிற்கும். இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும். நட்சத்திரம் மட்டும் வேறு ரகங்களிலும் அரைகுறையாகத் தெரிவதுண்டு, அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பக்கத்துக் கூடையில் இருக்கக்கூடிய பிளாக் தோர்ன், அதாவது டி200, உருண்டையாகப் பூசணி போலிருக்கும். அடிக்குழிவில் கறுத்த முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும்.

ரகம் சரி என்று ஆனபின் பார்க்க வேண்டியது பழம் எப்போது விழுந்தது என்பதை. என்னைக் கேட்டால் ரகத்தைவிட இதுதான் முக்கியம். மலேசியாவில் டுரியானை வழக்கமாக மரத்திலிருந்து அறுப்பதில்லை. மரத்தடியில் வலை கட்டிவைப்பார்கள். முற்றிய பழம் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ தானாக விழும். காலையில் பொறுக்கி லோரியில் ஏற்றுவார்கள். விழுந்த நிமிடத்திலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். முதல் நாள் சுளை வெண்ணெய்ப் பதம், கசப்பும் இனிப்பும் கூர்மையாக இருக்கும். இரண்டாம் நாள் குழையும். அதன்பின் தையல் வெடித்து, காற்று உள்ளே போய்ச் சுளை புளிக்கும், சாராய நெடி வரும். ரவூப்பில் வாங்குவதாக இருந்தால் முற்பகலிலேயே போய்விடுங்கள். கோலாலம்பூரிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ என்றால் மாலையில், லோரி இறக்கிய கையோடு.

காம்பு பொய் சொல்லாது. நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும். சுருங்கிக் கறுத்திருந்தால், அல்லது உதிர்ந்தே போயிருந்தால், அது பழைய சரக்கு. காம்பின் நுனியையும் பாருங்கள்: தானாக விழுந்ததில் கணுவில் கழன்ற வடு இருக்கும், தட்டையான கத்தி வெட்டு இருந்தால் முற்றுமுன் அறுத்தார்களா என்று கேட்க வேண்டியதுதான். தாய்லாந்து மொந்தோங் ரகம் அறுத்து வைத்தும் நன்றாகப் பழுக்கும். முசாங் கிங்கை அப்படி அறுத்தால் சுளை வேகாத சர்க்கரைவள்ளிக் கிழங்கு போலச் சப்பென்று நிற்கும்.

பிறகு காதோரம் வைத்து மெதுவாக ஆட்டுங்கள். உள்ளே ஏதோ தளர்ந்து லேசாக முட்டுவது கேட்டால் சுளை ஓட்டைவிட்டுப் பிரிந்திருக்கிறது, பழுத்த பழம். சத்தமே இல்லையென்றால் காய். தளும்புவது போலிருந்தால் நீர் கோத்த பழம். பெருமழை பெய்த மறுநாள் இப்படி நிறையக் கிடைக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தபின் விழுந்த பழத்தின் சுளைதான் இறுகித் திரளும். தையல்கோட்டின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தால் மணம் வர வேண்டும், ஆனால் ஓர் அடி தள்ளியே மூக்கைத் துளைக்கிற பழம் பதம் தாண்டிவிட்டது. முள்ளிடுக்குகளில் சின்னத் துளையும் மரத்தூள் போன்ற கழிவும் தெரிந்தால் புழு. கயிறு சுற்றிக் கட்டிய பழத்தை ஏன் கட்டினார்கள் என்று கேளுங்கள்; வெடிப்பை மறைக்கவும் கட்டுவதுண்டு.

கடைக்காரர் "பாஹிட் கா, மானிஸ் கா?" என்பார். கசப்பா இனிப்பா என்கிறார். முதல்முறை சாப்பிடுகிறவர்கள் இனிப்பு என்று சொல்லிவிட்டு அப்புறம் வருந்துவார்கள். முசாங் கிங்குக்குக் கொடுக்கும் காசில் பாதி அந்தக் கசப்புக்குத்தான். 'முதிய மரத்துப் பழம்' என்று விலை கூட்டிச் சொல்வதும் உண்டு. முதிய மரத்துப் பழத்தில் கசப்பு கூடுதல் என்பார்கள், ஆனால் கொட்டகையில் நின்று மரத்தின் வயதைச் சரிபார்க்க வழியில்லை. அதற்காகத் தனிக் காசு கொடுக்க வேண்டாம்.

விலை கிலோவுக்கு, ஓட்டோடு. பருவத்தின் நடுவில் சரக்கு குவிந்தால் ஒரே வாரத்தில் பாதியாகவும் இறங்கும். கணக்கு இப்படிப் போடுங்கள்: கிலோ 40 வெள்ளி என்றால் (ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்பார்கள்) 1.6 கிலோ பழம் 64 வெள்ளி. அதில் ஓடும் கொட்டையும் போகச் சுளை 400 முதல் 500 கிராம் தேறினால் நல்லது. ஏ, பி, சி என்ற தரம் பெரும்பாலும் உருவத்துக்கும் அளவுக்கும் கொடுப்பது. ஏ என்றால் உருண்டு திரண்டு எல்லாப் பக்கமும் சுளை நிறைந்தது. சி என்றால் ஒரு பக்கம் ஒடுங்கியது. அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு பி போதும். தராசின் எண்ணைப் பார்த்து விலையைப் பேசி முடித்தபின்தான் கத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

ஓட்டில் முக்கோணமாக ஒரு சன்னல் வெட்டிக் காட்டுவார்கள். விரல் நுனியால் சுளையைத் தொட்டுப் பாருங்கள், அதற்கு உரிமை உண்டு. நிறம் அடர் மஞ்சள், பளபளப்பு இல்லாமல். மேல்தோல் லேசாகச் சுருங்கி, அழுத்தினால் குழைய வேண்டும். கடினமாகவோ, புழுத்தோ, தண்ணீர் விட்டோ இருந்தால் மாற்றித் தருவது நல்ல கடைகளின் வழக்கம். முதல் சுளையைத் தின்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும். பாதி தின்றபின் வாதாடினால் யாரும் கேட்க மாட்டார்கள். கடைசிச் சோதனை கொட்டை: முசாங் கிங்கில் அது பெரும்பாலும் சப்பையாகச் சூம்பி இருக்கும். சுளைக்குச் சுளை பருத்த கொட்டையாக வந்தால் ரகத்தைச் சந்தேகப்படலாம்.

உரித்துப் பெட்டியில் அடுக்கி விற்பதில் காம்பும் இல்லை, அடியும் இல்லை, சோதிக்க ஒன்றுமே இல்லை. கண்முன் வெட்டிப் பெட்டியில் போட்டால் மட்டும் வாங்கலாம்.

பல ரகம் வாங்கினால் இனிப்பானதை முதலிலும் முசாங் கிங்கைக் கடைசியிலும் சாப்பிடுங்கள். கசப்புக்குப் பிறகு மற்றதெல்லாம் வெறும் சர்க்கரை. டுரியான் 100 கிராமில் சுமார் 150 கலோரி; மாவுச்சத்தும் பொட்டாசியமும் அதிகம், ஆகவே சர்க்கரை நோயாளிகள் ஒன்றிரண்டு சுளையோடு நிறுத்த வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கூடவே மது வேண்டாம்; பழத்திலுள்ள கந்தகச் சேர்மங்கள் மதுவை உடல் சிதைப்பதைத் தடுக்கக்கூடும். வெற்று ஓட்டின் குழிவில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால் நாற்றம் போகும் என்பது ஊர் வழக்கம். சோப்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்தை விடுதிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் வாசலில் இருக்கும் டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். மீறினால் அபராதம் கட்டச் சொல்லும் விடுதிகள் பல. காரில் கொண்டுபோவதென்றால் சுளையைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, டப்பாவை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, பின்பெட்டியில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் தாங்கும், உறையவைத்தால் அதற்கு மேலும். முழுப்பழத்தைப் பின்சீட்டில் வைத்து, கண்ணாடியை ஏற்றி, வெயிலில் வண்டியை நிறுத்தினால் அடுத்த சில நாளைக்கு அந்த வண்டியில் யாரும் ஏற மாட்டார்கள்.