புறவாசலில் தோல்முட்டை

ஏப்ரல் 29, செவ்வாய்

விடிந்ததும் கோழிகளைக் கவிழ்த்திருந்த பஞ்சாரத்தைத் தூக்கியபோது, வைக்கோலின்மேல் ஓடில்லாத முட்டை ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், இன்னும் சூடு ஆறவில்லை. உள்ளங்கையின் குழிக்கேற்பத் துவண்டு தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள்கரு நிழலாக அசைந்தது. விரலால் அழுத்திய இடம் குழிந்து, பிறகு மெல்ல நிமிர்ந்தது. எங்கள் பக்கத்தில் இதைத் தோல்முட்டை என்பார்கள். முக்கூடலுக்கு அருகிலுள்ள இந்த வீட்டில் ஏழு பெட்டைகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. இட்டது செவலைக் கோழிதான் என்பது அது கேறிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

அத்தை வெற்றிலைச் செல்லத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, “ஏட்டி, அதுக்குச் சுண்ணாம்பு காணாது” என்றார்.

மே 1, வியாழன்

மறுபடியும் இரண்டு. ஒன்றை நான் எடுப்பதற்குள் மற்றக் கோழிகள் கொத்திக் குடித்துவிட்டன. எனக்கு இதுதான் பெரிய கவலை. முட்டையின் ருசி ஒருமுறை பழகிவிட்டால், பிறகு ஓடுள்ள முட்டையையும் உடைத்துத் தின்னத் தொடங்கிவிடும். அந்தப் பழக்கத்தை நிறுத்துவது எளிதன்று. நாளை முதல் இருட்டோடு எழுந்து பார்க்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வெளியே தலைகாட்ட முடியாததால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நல்ல முட்டை ஒன்றின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து மின்தராசில் நிறுத்தபோது 4 கிராம் இருந்தது. முட்டையோட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்குக் குறையாமல் இருப்பது கால்சியம் கார்பனேட். அதில் கால்சியம் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே ஒரு முட்டைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம் கால்சியம் ஓட்டுக்கே போகிறது. நான் போடுவதோ கம்பும் குருணையும் தவிடும். 100 கிராம் கம்பில் 50 மில்லிகிராம்கூடக் கால்சியம் கிடையாது. தவிட்டில் பாஸ்பரஸ்தான் மிகுதி. பக்கத்து வீட்டு மதினி கேழ்வரகு போடச் சொன்னார். தானியங்களில் அது எவ்வளவோ மேல் என்றாலும், 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் நின்றுவிடுகிறது. வெறும் தானியத்தைக் கொண்டு இந்தக் கடனை அடைக்க வழியில்லை.

அத்தை வெற்றிலைச் சுண்ணாம்பையே தவிட்டில் பிசைந்து வைக்கச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். சிப்பியைக் காளவாசலில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு காரம் மிக்கது, வாயையும் இரைப்பையையும் அரித்துவிடும். சுடாத சிப்பியோ முட்டையோட்டின் பொருளேதான்.

மே 7, புதன்

செவலையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளைக்கழிச்சல் தாக்கினாலும் தோல்முட்டை வரும் என்பதால், மருத்துவர் முதலில் எச்சத்தையும் மூச்சையும் கழுத்தையும் பார்த்தார். நோய் ஏதுமில்லை. வெயிலில் திரியும் கோழிக்கு வைட்டமின் டி குறைவதும் அரிது என்றார். மதியத்தில் வாயைத் திறந்து இளைக்கிறதா என்று அவர் கேட்ட பிறகுதான், பத்து நாளாக அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்திருக்கிறேன் என்று உறைத்தது. கோழிக்கு வியர்க்காது, இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் அமையாமல் போகிறது. போதாததற்கு வெயிலில் இரையும் குறைந்துவிடுகிறது.

மே 9, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து வந்த தம்பி ஒரு பை நிறையக் கடற்சிப்பி கொண்டுவந்தான். அதை மாவாக இடிக்கத்தான் நினைத்திருந்தேன், மருத்துவர் தடுத்திருந்தார். கோழியின் வயிற்றுக்குள் ஓடு படியும் இடமான ஓட்டறையில் முட்டை ஏறத்தாழ இருபது மணிநேரம் தங்குகிறது. ஓட்டின் பெரும்பகுதி இரவில்தான் படிகிறது. காலையில் தின்ற மாவு இரவுக்குள் கடந்துபோய்விடும். குடலில் ஒன்றுமில்லாத நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். துவரம்பருப்பு அளவுச் சில்லுகளோ இரையை அரைக்கும் கல்குடலில் தங்கி விடியவிடியக் கரையும். ஆகையால் சிப்பியைச் சில்லுகளாக உடைத்துத் தனிச் சட்டியில், அடைவதற்கு ஒருமணி நேரம் முன்பு வைத்தேன். இரையில் கலக்கவில்லை, வேண்டிய கோழி வேண்டிய அளவு பொறுக்கிக்கொள்ளும். செவலை நின்ற இடத்திலேயே பதினான்கு சில்லுகள் பொறுக்கியது. சேவல் ஒன்றைக் கொத்திப் பார்த்துத் துப்பிவிட்டது.

முருங்கை மரத்தடியில் பழைய சாக்கைத் தொங்கவிட்டு நனைத்திருக்கிறேன். மண்சட்டியில் மூன்று வேளையும் தண்ணீர் மாற்றுகிறேன். இரை இனி விடியலிலும் சாயங்காலமும் மட்டுமே.

மே 14, புதன்

நான்கு நாள் நல்ல முட்டைகளாக வந்த மகிழ்ச்சியை நேற்று அம்மன் கோவில் கொடைத் திருவிழா கெடுத்துவிட்டது. நள்ளிரவுச் சாமக்கொடையில் வேட்டுப் போட்டபோதெல்லாம் பஞ்சாரத்துக்குள் ஒரே படபடப்பு. காலையில் மூன்று தோல்முட்டைகள் கிடந்தன. இவற்றுக்குச் சிப்பியைக் குறை சொல்ல முடியாது. பயந்த கோழி ஓடு முற்றும் முன்னரே முட்டையை வெளியே தள்ளிவிடும். ஊர்க்கொடையில் வேட்டுப் போடாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. அடுத்த கொடைக்குக் கோழிகளைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விடலாம்.

மே 22, வியாழன்

எட்டு நாளாகத் தோல்முட்டை இல்லை. செவலையின் முட்டையை நகத்தால் சுண்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்கிறது. நான்கு வயது கடந்த கறுப்புக் கோழியின் முட்டை மட்டும் இன்னும் மெலிந்த ஓட்டோடு, சொரசொரப்பாக வருகிறது. வயது ஏற ஏறக் கோழியின் உடல் கால்சியத்தை முன்போல் ஏற்பதில்லை. அதன் முட்டைகளை அடைக்கு ஒதுக்காமல் அன்றன்றே சமைத்துவிடுகிறோம்.

சிப்பி உடைக்கும் வேலையை அத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். சாயங்காலமானால் தார்சாத் திண்ணையில் அமர்ந்து, தமது பாக்கு உரலில் சில்லுச் சில்லாகத் தட்டுகிறார். “சுண்ணாம்பு காணாதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா” என்று இன்று மதினியிடமும் சொல்லியாயிற்று.