கூலன்ட் டப்பாவில் ஆயில் மிதந்தால், ஹெட்டைத் திறக்கும் முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், குமுளி ஏறக்குறைய 900. லோயர் கேம்ப் தாண்டி இரண்டாவது கியரில் வண்டி ஏறும்போது முன்பக்கக் காற்றும் குறைவு. கூலன்ட் 90 டிகிரியை ஒட்டி நிற்கும், ஆயில் 120ஐ நெருங்கும். கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளுக்கும் இதே பாடுதான். ஆயிலின் சூட்டைக் கூலன்டுக்கு மாற்றுவது பிளாக்கின் பக்கத்தில், ஃபில்டரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஆயில் கூலர். ஏற்றத்தில் கொதித்து, இறக்கத்தில் ஆறி, வருஷக்கணக்கில் அடி வாங்கும் அதன் ஓ ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) ஒரு கட்டத்தில் இறுகித் தட்டையாகிவிடும். பிறகு கூலன்ட் டப்பாவில் பாலேடு மாதிரிப் பழுப்பாகப் படியும்.

அதைப் பார்த்ததும் "ஹெட் கேஸ்கெட் போச்சு" என்று சொல்லிவிடுவது பட்டறைகளில் வழக்கம். அவசரப்பட வேண்டாம். இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் எரிந்த வாயு கூலன்டுக்குள் புகும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழ் வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காது. குமிழும் இல்லை, புகையும் இல்லை, ஆயில் மட்டும் மிதக்கிறது என்றால் முதல் சந்தேகம் கூலர்தான். ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். கூலன்ட் பக்கம் ரேடியேட்டர் மூடி தாங்குகிற 1 பார் சொச்சம்தான். அதனால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். ஆனால் இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் போய்விடும், கூலன்டின் அழுத்தம் சூடு ஆறும்வரை நிற்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாகத் தெரிகிறதே என்று அந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது பேரிங்குக்கு ஆபத்து. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் மிதப்பது கியர் ஆயிலா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் அதன் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும்.

சாமான் வாங்கும்போதே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கூலரை மட்டும் தந்து ஓ ரிங்கைத் தராத கடைகள் உண்டு. ஓ ரிங் முழு செட், ஃபில்டர், ஆயில், கூலன்ட், பேஞ்சோ போல்ட் (ஆயில் ஓடத் துளையிட்ட போல்ட்) இருந்தால் புதுச் செம்பு வாஷர்கள், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் கைக்கு வந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

இன்ஜின் முழுதாக ஆறட்டும். முதலில் கீழ் ஹோஸைக் கழற்றிக் கூலன்டை வடியுங்கள். அது இனிக்கும், விஷம். ஆடு, மாடு, நாய் வாய் வைக்க முடியாத இடத்தில் ஏனத்தை வையுங்கள். ஆயிலை இப்போதே வடிக்க வேண்டாம். கூலரைப் பிரிக்கும்போது பிளாக்கில் தங்கிய தண்ணீர் கொஞ்சம் ஆயில் துவாரத்துக்குள் இறங்கத்தான் செய்யும். ஆயிலைக் கடைசியாக வடித்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். கூலர் கையில் வந்ததும் துவாரங்களை நூல் பிரியாத துணியால் அடைத்துவிடுங்கள்.

வெளிக்கூலர் வைத்த வண்டியில் பைப் நட்டைத் திருகும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்று கூலரின் முனையைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் இழுத்தால் கூலரோடு ஒட்டிய அலுமினிய முனையே முறுக்கிக்கொண்டு வெடிப்பு விடும். பேரிங் தேய்ந்து பொடி ஓடிய இன்ஜினின் கூலரைக் கழுவி மறுபடி மாட்டாதீர்கள். அந்தச் சந்துகளில் சிக்கிய உலோகத்தூள் முழுதாக வெளியே வராது, புது பேரிங்கையும் தின்றுவிடும்.

பிட்டிங்குகளில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கால் இஞ்ச் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் மரை) பிட்டிங்கின் வெளிவிட்டம் 13.16 மில்லி, மரை இஞ்சுக்கு 19. எம்14 (14 மில்லி மெட்ரிக் மரை) துவாரத்தின் மரை இடைவெளி 1.5 மில்லி. இரண்டும் வேறு. ஆனாலும் முந்தையது பிந்தையதில் லொடலொடவென்று இரண்டு சுற்று ஏறி, பிடித்தது போலக் காட்டும். ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போய்விடும், பிறகு லேத் பட்டறைக்குப் போய் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) வைக்க வேண்டிவரும். சரியான பிட்டிங் விரலாலேயே கடைசிவரை ஏறும். அப்படி ஏறாததை வையாதீர்கள். ஆயில் வழியில் டெஃப்லான் டேப் கூடவே கூடாது. பிய்ந்த துண்டு ஆயில் சந்தை அடைக்கும். சிலிகான் பேஸ்டும் அப்படித்தான். பழைய செம்பு வாஷரை மங்கிய சிவப்பாகச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகும். அலுமினிய வாஷருக்குப் புதுசுதான்.

பழைய ஓ ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடக்கும். அதன்மேல் புதுசை வைத்து இறுக்கினால் ஸ்டார்ட் செய்த நிமிஷத்தில் ஆயில் தரையில் நிற்கும். மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ சுரண்டுங்கள், திருப்புளி வேண்டாம். பரப்பில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.05 மில்லி தகடு நுழைந்தால் பரப்பு கோணியிருக்கிறது. ஆயில் பக்க ரிங்கில் புது இன்ஜின் ஆயிலைத் தடவுங்கள். தண்ணீர் பக்க ரிங்கில் ஆயில் படக்கூடாது. அது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், ஆயில் பட்டால் ஊதிவிடும். அதற்குக் கூலன்டையே தொட்டுப் பூசினால் போதும்.

போல்ட்டுகளை எல்லாம் விரலால் ஏற்றிவிட்டு, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். உங்கள் வண்டிக் கையேட்டின் அளவுதான் முதல். அது கிடைக்காவிட்டால் அலுமினியத்தில் எம்6க்கு 9, 10 நியூட்டன் மீட்டர், எம்8க்கு 22 அளவில் நிறுத்துங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல் எம்6ஐ இறுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது ஆயிலை வடித்து, புது ஃபில்டர் போட்டு நிரப்புங்கள். கழற்றிய கீழ் ஹோஸை மாட்டி, ரேடியேட்டரில் தண்ணீரையும் நிரப்புங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகு ஃபியூஸை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆயில் இறங்கியதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். கூலரும் ஃபில்டரும் குடித்த அளவு குறைந்திருக்கும், அதை ஊற்றுங்கள்.

கழுவுவதுதான் நாள் முழுக்க இழுக்கும் வேலை. கூலன்ட் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, ஹீட்டர் ஹோஸ்களில் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் விடுங்கள். பிறகு ரேடியேட்டர் ஃபிளஷ் ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் ஓட்டி வடியுங்கள். துணி சோப்புத்தூளைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். நுரை பொங்கிக் காற்றடைத்து, தண்ணீர் சுற்றாமலே நின்றுவிடும். தெளிவாக வரும்வரை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். நம் பக்கத்து போர் தண்ணீரை உள்ளே விட்டு வைத்தால் உப்பு படியும். ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். ஆயில் ஊறியது தளதளவென்று உப்பியிருக்கும், அதை மாற்றுங்கள். மூடியின் ரப்பரும் அப்படியே. தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டி, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி கலந்து நிரப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்துக் காற்றை எடுங்கள்.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் 300 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் இன்னொரு தரம் மாற்றுங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் விட வேண்டாம். அது போய்ச் சேர்வது திராட்சைத் தோட்டத்துக்கு. கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

முதல் இரண்டு வாரம் டப்பாவில் மெல்லிய ஆயில் படலம் தெரியும். மூலைகளில் தங்கியதுதான் அது. டிஷ்யூவால் ஒற்றி எடுத்துக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்தால் வேலை சரி. குமுளி ஏறி இறங்கிய பிறகும் அதே அளவு வந்தால், ஹெட் பக்கம் போகும் முன் கூலரைக் கழற்றி, ஆயில் துவாரங்களில் ஒன்றை அடைத்து மற்றதில் 3 பார் காற்று விட்டு, சுடுதண்ணீர் வாளியில் முக்கிப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் காட்டாத வெடிப்பு, அலுமினியம் சூடேறி விரிந்ததும் குமிழ் விடும்.