பதினான்கு நாளுக்கு ஒரு தடவை

வலது மார்பில் ஆபரேஷன் முடிந்து, அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் மூன்றில் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகு கீமோ பேச்சு வந்தது. பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தாம்வேயில் எங்கள் தெருவில் எனக்கு முன்னால் கீமோ போட்டுக்கொண்ட இரண்டு பேரும் 21 நாளுக்கு ஒரு தடவை போனவர்கள். எனக்கு மட்டும் சயாமா 14 நாள் என்று எழுதினார். (எங்கள் டாக்டர் பர்மியப் பெண். பெண் டாக்டரையும் டீச்சரையும் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.) நோய் அவ்வளவு முற்றிவிட்டதா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் மருமகளைக் கூட்டிக்கொண்டு போய் நேராகவே கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் மருந்து புற்றுநோய்ச் செல்களில் ஒரு பங்கைத்தான் கொல்லும். தப்பித்தவை அடுத்த தடவைக்குள் மறுபடி பெருகும். அதிலும் கட்டி சின்னதாக இருக்கும்போதுதான் பெருகும் வேகம் அதிகம். அமெரிக்காவில் லாரி நார்ட்டன், ரிச்சர்ட் சைமன் என்ற இருவர் 1970களிலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மருந்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்று மருமகள் கேட்டாள். அதையும் பார்த்துவிட்டார்களாம். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு நிற கீமோ மருந்தை உடம்பின் பரப்பில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராமிலிருந்து 75, 90 என்று ஏற்றிப் பார்த்தும் கூடுதல் பலன் இல்லை. இடைவெளியைக் குறைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. கணுவில் நோய் பரவிய சுமார் 2,000 பெண்களை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2003இல் வந்தது. அதே மருந்து, அதே அளவு. நான்கு வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மூன்று வாரக் கணக்கில் 75 சதவீதம், இரண்டு வாரக் கணக்கில் 82 சதவீதம்.

2019இல் 26 ஆராய்ச்சிகளின் 37,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். இடைவெளியைக் குறைத்தோ, மருந்துகளை ஒன்று முடிந்து ஒன்றாக முழு அளவில் கொடுத்தோ நெருக்கிச் செய்த சிகிச்சைகள் அவை. பத்து வருடத்தில் மார்புப் புற்றுநோயால் இறந்தவர்கள் 21.3 சதவீதத்திலிருந்து 18.9க்குக் குறைந்திருக்கிறார்கள். நூறு பேரில் இரண்டு மூன்று பேர்தானே என்று என் மகன் சொன்னான். அந்த இரண்டு மூன்று பேரில் ஒருத்தியாக நான் ஏன் இருக்கக்கூடாது என்றுதான் எனக்குத் தோன்றியது. 14 நாளுக்குச் சம்மதித்தேன்.

இரண்டாவது தடவை வரவேண்டிய அதே நாளில் எங்கள் கோவிலில் தீமிதி. "ஒரு வாரம் தள்ளிப் போட்டுக்கோ, அம்மன் காரியத்தை விடாதே" என்று அக்கா அழுதாள். நானும் நாற்பது வருடமாகப் பால்குடம் எடுத்தவள்தான். ஆனால் தேதியும் மருந்தில் ஒரு பாகம் என்று அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. மருமகள் குடம் எடுத்தாள். கை நரம்பில் சிவப்பு மருந்து இறங்க, அம்மனை நினைத்தபடி நான் படுத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் அடுத்த டோஸ் போட வேண்டுமென்றால் கீமோவால் ரத்தத்தில் குறைந்துபோன வெள்ளை அணு அதற்குள் ஏறியாக வேண்டும். அது தானாக ஏற இன்னும் நாள் ஆகும். அதனால் மூன்றாம் நாளிலிருந்து தினம் ஒரு ஃபில்கிராஸ்டிம் ஊசி, தோலுக்கடியில். வெள்ளை அணுவை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜையைத் துரிதப்படுத்தும் மருந்து இது. இடுப்பெலும்பு விண்விண்ணென்று வலிக்கும். ஆனால் இந்த ஊசி இருந்ததால்தான், 2003 ஆராய்ச்சியில் வெள்ளை அணு அபாயமாக இறங்குவது இரண்டு வாரக்காரர்களுக்கே குறைவாக இருந்திருக்கிறது. அந்த நாட்களில் தொற்றுக்குப் பயந்து, பச்சை முட்டைக்கோஸ் போட்ட அத்தோ நூடுல்ஸைத் தொடவில்லை. கொதிக்கக் கொதிக்க மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் மட்டும்.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அப்போது யாங்கோனில் மின்சாரம் நான்கு மணி நேரம் வரும், நான்கு மணி நேரம் போகும். அதனால் ஜெனரேட்டர் உள்ள மருந்துக்கடையில் தினம் ஒன்றாக வாங்கி, அங்கேயே போட்டுக்கொள்வேன். மூன்றாவது தடவைக்கான ஊசிகள் சரியாகத் திஞ்சான் என்ற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் விழுந்தன. கடைகள் எல்லாம் மூடல். ஒரு வாரத்து ஊசியை வீட்டில் வைக்க வேண்டியதாயிற்று. மகன் ஐஸ் பெட்டி வாங்கி ஐஸ் கட்டிகளுக்கு நடுவிலேயே ஊசிகளைப் புதைத்து வைத்தான். நல்ல எண்ணத்தோடுதான் செய்தான். ஒரு நாள் பார்த்தால் மிச்சமிருந்த மூன்றும் உறைந்து கிடந்தன. போன் செய்தோம். உறைந்ததைப் போடவே கூடாது, தூக்கிப் போடுங்கள் என்றார் சயாமா. விடுமுறையில் வேறு ஊசி கிடைக்கவில்லை.

நான்காவது தடவைக்குப் போனபோது தொற்றை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் 700. குறைந்தது ஆயிரம் இருக்க வேண்டுமாம். ஒரு வாரம் தள்ளிவிட்டார். அம்மனுக்காகக்கூடத் தள்ளாத தேதி ஐஸ் கட்டியால் போயிற்றே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். "இந்த எண்ணிக்கையில் போட்டால் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்து. ஒரு வாரத்தால் எல்லாம் கெட்டுவிடாது" என்று சயாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். வெயில் தாங்காமல் மொட்டைத் தலையில் தனகா மரப்பட்டையை அரைத்துப் பூசியிருந்தேன். என் கண்ணீரில் கரைந்து வழிந்ததை அவரே துடைத்துவிட்டார்.

அப்புறம் பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. மழைக்காலம். முழங்கால் தண்ணீரில் நடந்து போன நாளும் உண்டு. இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 2008இல் வந்தது, கிட்டத்தட்ட 5,000 பெண்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதைவிட வாராவாரம் போட்டவர்கள் அதிகம் பிழைத்தார்கள். ஆனால் கை கால் மரத்துப்போவது 20 சதவீதத்திலிருந்து 27 ஆனது. நான் தையல்காரி என்பதால் சயாமா முதலிலேயே எச்சரித்திருந்தார். ஏழாவது வாரம் விரல் நுனி மரக்க ஆரம்பித்தது. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று இரண்டு வாரம் மறைத்தேன். அது பெரிய தப்பு. ஊசியில் நூல் கோர்க்கவே முடியாமல் போன பிறகு சொன்னேன். நிறுத்தவில்லை, அளவைக் கொஞ்சம் குறைத்தார், அவ்வளவுதான். பன்னிரண்டும் முடித்தேன். வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. பட்டன் துளை மட்டும் மருமகள் தைக்கிறாள்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்கும் 14 நாள் என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஐஸ் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். மூடியில் தமிழிலும் பர்மியத்திலும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்: ஐஸ் கீழே, நடுவில் கெட்டித் துணி, அதற்கு மேலே ஊசி.