பாம்டேல் நாட்குறிப்பு: பழைய விமானங்களின் கொட்டகை

ஜூலை 2, 2019, செவ்வாய்

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மலையைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஊரே வேறு. மொஹாவி பாலைவனத்தின் ஓரம். ஜோஷுவா மரங்கள், நேர்க்கோடு போட்ட சாலைகள், மத்தியானமானால் மணலை வாரி அடிக்கும் காற்று. காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கிறது.

நாசாவின் ஆம்ஸ்ட்ராங் ஆய்வு மையம் இருப்பது வடகிழக்கே எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில். 1946-ல் நாசாவின் முன்னோடி அமைப்பிலிருந்து பதின்மூன்று பேர் வந்து இறங்கிய இடம் அது. பக்கத்திலேயே 44 சதுர மைல் பரப்புள்ள ரோஜர்ஸ் என்ற காய்ந்த ஏரி. குளிர்கால மழையில் தண்ணீர் தேங்கும், காற்று அதை அங்குமிங்கும் தள்ளிக் களிமண்ணை மெழுகிவிடும், வெயில் காய வைக்கும். வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளும் ஓடுதளம்.

அறிவியல் ஆராய்ச்சிக்குப் பறக்கும் பெரிய விமானங்கள் மட்டும் பாம்டேலில், 703-ஆம் எண் கட்டடத்தில் நிற்கின்றன. ராக்வெல் நிறுவனம் பி-1பி குண்டுவீச்சு விமானங்களைச் செய்த கொட்டகை இது. நூறு விமானம் ஆனதும் வேலை தீர்ந்தது. 2007-ல் நாசா வாடகைக்கு எடுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் விமானப்படையின் 42-ஆம் எண் ஆலை. 'அங்கே கேமராவைத் திருப்பாதே' என்பதுதான் முதல் பாடம்.

ஜூலை 3, புதன்

இன்று எங்கள் ரேக், அதாவது கருவிகளைப் பூட்டிய சட்டம், விமானத்துக்குள் ஏறியது. காட்டுத்தீப் புகையில் இருக்கும் நுண்துகள்களை லேசர் ஒளியால் எண்ணும் கருவி. நாசாவும், அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் சேர்ந்து நடத்தும் புகை ஆய்வுக்காக இங்கே பூட்டி, இடாஹோ மாநிலத்தின் போய்சி நகரத்திலிருந்து பறக்கப் போகிறோம்.

எங்கள் டிசி-8 விமானத்துக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது. 1969-ல் இத்தாலியின் அலிடாலியா விமான நிறுவனத்துக்குப் போனது, அப்புறம் அமெரிக்காவின் பிரானிஃப் நிறுவனம், 1985-ல் நாசா வாங்கியது. நடுவில் எஞ்சின் நான்கையும் மாற்றினார்கள். பயணிகள் இருக்கைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டு, அதே தண்டவாளத்தில் ரேக்குகளைப் பொருத்துகிறார்கள். ஜன்னல் கண்ணாடி இருந்த இடத்தில் அலுமினியத் தகடு. அதைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டும் குழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஒரு குழுவுக்கு உயிர். வெளியில் இருந்து பார்த்தால் விமானத்துக்கு முள் முளைத்த மாதிரி இருக்கிறது.

புது விமானத்தை வாங்கி யாரும் இத்தனை ஓட்டை போட மாட்டார்கள். போட்டாலும், ஒவ்வொரு ஓட்டைக்கும் கணக்குப் போட்டு அனுமதி வாங்கவே வருஷங்கள் ஓடும். இந்தக் கிழவியின் உடம்பில் எங்கே துளைக்கலாம், எங்கே கூடாது என்று இங்கே இருக்கும் மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம். ஆராய்ச்சிக்கு அந்த அறிவுதான் முதலீடு என்று எனக்குப் படுகிறது, விமானம் அப்புறம்தான்.

போல்ட் கணக்கைச் சொல்ல வேண்டும். மோதல் நேர்ந்தால் ரேக் முன்பக்கம் பிய்த்துக்கொண்டு போகக் கூடாது. தன் எடையைப் போல ஒன்பது மடங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். அதனால் ஒரு ஆள் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குவார், இன்னொருவர் பக்கத்தில் நின்று அளவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஸ்பேனர் ஒன்று பெட்டிக்குத் திரும்பவில்லை என்றால் அது கிடைக்கும் வரை வேலை நிற்கும்.

ஜூலை 6, சனி

நேற்று முன்தினம் விடுமுறை. காலை பத்தரைக்கு மோட்டல் அறை ஆடியது. 6.4. வடக்கே ரிட்ஜ்கிரெஸ்ட் பக்கம். சரி, கலிபோர்னியா என்றால் இப்படித்தான் என்று தேற்றிக்கொண்டோம். நேற்று இரவு எட்டு இருபதுக்கு அதே இடத்தில் 7.1. இந்தத் தடவை ஆட்டம் நிற்கவே இல்லை. மின்விசிறி ஊசலாடுவதைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். நீச்சல் குளத்துத் தண்ணீர் கரையைத் தாண்டித் தளும்பிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு நான் போன் செய்வதற்கு முன் அவர் செய்துவிட்டார். டிவியில் பார்த்தாராம்.

விமானத்துக்கும் ரேக்குகளுக்கும் ஒன்றும் இல்லை. ஒன்பது மடங்குக்குப் பூட்டியது இதற்கெல்லாம் அசையுமா?

இந்த ஊருக்கு நிலநடுக்கம் வெளியூர்ச் சமாச்சாரம் இல்லை. தெற்கு எல்லையில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு ஓடுகிறது. 14-ஆம் நெடுஞ்சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் பாறை அடுக்குகள் நெளிந்து, மடிந்து கிடப்பதைக் காரில் போகும்போதே பார்க்கலாம்.

கொட்டகையில் நிற்கும் சி-20ஏ ஜெட்டின் வேலையே இதுதான். விமானப்படையில் பெரிய அதிகாரிகளைச் சுமந்த விமானம். இப்போது வயிற்றுக்கு அடியில் ரேடார் பொதியைச் சுமக்கிறது. ஒரே தடத்தில் இரண்டு முறை, சில மாத இடைவெளியில் பறந்து இரண்டு படங்களையும் ஒப்பிட்டால், நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். அதற்கு முதல் தடத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் பறக்க வேண்டும். மனிதக் கைக்கு அது ஆகாது என்பதால் தனி ஆட்டோபைலட். 2010-ல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்தத் தீவின் பிளவுகளுக்கு மேல் பறந்தது இதே ஏற்பாடுதான்.

ஜூலை 10, புதன்

நாள் முழுக்கக் கசிவு தேடல். பம்ப் சரி, குழாய் சரி, கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் ஒன்றில் மணல்.

சாயங்காலம் நடந்ததுதான் எழுத வேண்டியது. ஈஆர்-2 இறங்கியது. பனிப்போர்க் கால யூ-2 உளவு விமானத்தின் தங்கை. 1960-ல் சோவியத் நாட்டில் சுட்டு வீழ்த்தப்பட்டு உலகச் செய்தியானதே, அதே குடும்பம். நாசா முதல் ஈஆர்-2-வை 1981-ல் வாங்கியது. எழுபதாயிரம் அடி வரை போகும். காற்றுமண்டலத்தின் 95 சதவீதத்துக்கு மேல் அதற்குக் கீழே கிடக்கும். உள்ளே ஒரே ஒரு விமானி, விண்வெளி வீரர் மாதிரி அழுத்த உடையில். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வேண்டும், ரத்தத்தில் இருக்கும் நைட்ரஜன் வெளியேற. சாப்பாடு தலைக்கவசத்துத் துளை வழியாகக் குழாயில்.

சக்கரங்கள் முன்னும் பின்னுமாக நடுக்கோட்டில்தான் இருக்கின்றன. இறக்கையோ நூறு அடிக்கு மேல். புறப்படும்போது இறக்கைக்கு ஒன்றாகப் பக்கச் சக்கரம், சைக்கிள் கற்கும் குழந்தைக்கு வைப்பது போல. எழும்பியதும் அவை கழன்று ஓடுதளத்திலேயே விழுந்துவிடும். அப்போ இறங்குவது? விமானிக்குத் தரை சரியாகத் தெரியாது. அதனால் இன்னொரு ஈஆர்-2 விமானி காரை விரட்டிக்கொண்டு பின்னாலேயே போய், ரேடியோவில் 'பத்து அடி, ஐந்து, மூன்று, இரண்டு' என்று சொல்லிக்கொண்டே வருகிறார். அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் விமானத்தில் இருப்பவர் தரை தொடுகிறார். வேகம் குறைந்ததும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை நுனியை உராய்த்து நின்றது. ஆட்கள் ஓடிப்போய் இறக்கையைத் தூக்கிச் சக்கரத்தை மாட்டினார்கள். இத்தனை உயர் தொழில்நுட்பத்துக்கு நடுவில் கடைசி வேலையை நாலு பேரின் தோள்தான் செய்கிறது!

1987 ஆகஸ்டில் ஓர் ஈஆர்-2-வும் எங்கள் டிசி-8-உம் சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து அண்டார்டிகாவுக்குப் பறந்தன. ஃபிரிட்ஜ் வாயு சிதைவதால் உண்டாகும் குளோரின் மோனாக்சைடு ஏறும் இடத்தில் ஓசோன் இறங்குவதை ஈஆர்-2-வின் கருவிகள் பதிவு செய்தன. ஓசோன் ஓட்டைக்கு யார் காரணம் என்ற வழக்கு ஏறக்குறைய அங்கேயே முடிந்தது. உளவுக்காக வரைந்த இறக்கை, ஃபிரிட்ஜ் வாயுவைக் கையும் களவுமாகப் பிடித்தது.

ஜூலை 13, சனி

தொலைநோக்கியைச் சுமந்து பறக்கும் சோஃபியா விமானம் இல்லாத இடம் காலியாகக் கிடக்கிறது. தெற்கு வானத்தைப் பார்க்க நியூசிலாந்து போயிருக்கிறது. அதுவும் பழசுதான்: 1977-ல் பான் ஆம் விமான நிறுவனம் பறக்கவிட்ட 747எஸ்பி. பின்பக்க உடம்பை வெட்டிக் கதவு வைத்திருக்கிறார்கள், 17 டன் தொலைநோக்கியை மட்டும் ஜெர்மானியர்கள் செய்து கொடுத்தார்கள். நாற்பதாயிரம் அடியில் அந்தக் கதவைத் திறந்துகொண்டே பறக்கும். நீராவியில் 99 சதவீதம் கீழே தங்கிவிடுவதால் அகச்சிவப்பு ஒளி தடையில்லாமல் வருகிறது. பிரபஞ்சத்தில் முதன்முதலில் உருவான மூலக்கூறு என்று சொல்லப்படும் ஹீலியம் ஹைட்ரைடை விண்வெளியில் கண்டது இதுதான், ஏப்ரலில் அறிவித்தார்கள்.

ஜூலை 17, புதன்

சோதனைப் பறப்பு. காலையிலேயே கிளம்பினோம். ஊர் 2,500 அடி உயரத்தில் இருக்கிறது. மத்தியானச் சூட்டில் காற்று மெலிந்து விமானம் மேலே எழும்பத் திணறும். ஓடுதளம் 12,000 அடி நீளம் என்பதால் பயமில்லை, ஆனாலும் காலைதான் உசிதம். பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் தாழப் பறந்ததும் எங்கள் திரையில் துகள் எண்ணிக்கை எகிறியது. நாற்பது பேர் ஹெட்செட்டில் ஒரே நேரத்தில் பேசும் சந்தை இரைச்சல்.

ஜூலை 21, ஞாயிறு

நாளை போய்சி. எல்லாம் தயார், ஒன்றைத் தவிர: தீ. இந்த வருஷம் மேற்கில் காட்டுத்தீ இன்னும் சூடு பிடிக்கவில்லை. போன நவம்பரில் பாரடைஸ் ஊரையே அழித்து 85 பேரைக் கொன்ற தீ இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. கூட்டத்தில் ஒரு மாணவி, 'நல்ல தீ கிடைக்குமா?' என்று கேட்டுவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைவர் சிரிக்கவில்லை. மின்னல் முன்னறிவிப்பைத் திரையில் போட்டு, வீடுகளுக்கு எட்டாத காடுகள் எவை என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். பட்டியலில் இடாஹோவும் மொன்டானாவும் இருக்கின்றன. பம்புக்கு ஒரு உதிரி டயாஃப்ரம் எடுத்து வைக்க வேண்டும்.