தீவில் வேலை, கரையில் வீடு

தம்பிக்கு மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை. அந்தத் தீவிலேயே வீடு வாங்கிவிடலாம் என்று மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் போய்ப் பார்த்தோம். அவன் சம்பளத்துக்கு வங்கி தரும் கடனில் அகப்பட்டதெல்லாம் 99 வருடக் குத்தகையில் பழைய அடுக்குமாடி வீடுதான். அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "துளசியை எங்கடா வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

சரி, இப்போது கடலுக்கு இந்தப் பக்கம் கரையில் இருக்கும் நம்ம நிபோங் திபாலிலேயே தேடுகிறோம். 2014இல் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்த பிறகு, அது கரையேறும் பத்து காவானில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நின்ற இடத்தில் வரிசையாக வீடமைப்புத் திட்டங்கள், அந்த விலை இந்தப் பக்கமும் ஏறி வருகிறது, தலைமுறையாக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்கள் இன்னும் வாடகை வீட்டில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறான். பாலம் 24 கிலோமீட்டர். 2019இலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, அது பெரிய உதவி. ஆனால் மழை நாளில் நடுக்கடலில் காற்று வண்டியை அப்படியே ஓரமாகத் தள்ளுமாம். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்கு போன் அடிப்பான். அதுவரைக்கும் அம்மா பசியாற மாட்டார்.