பில்லில் ஏறாத மடிப்புகள்

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடம் கணக்கு எழுதினேன். மூன்றாம் மாடியில், பட்டுப் பிரிவை ஒட்டின சின்ன அறை. கதவைத் திறந்தால் கவுன்டர். அங்கே நின்ற திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவரை இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு பட்டுப்புடவை விற்பதற்குள் பதினைந்து, இருபது புடவை பிரிந்து கிடக்கும். கல்யாண ஜவுளி என்றால் கேட்கவே வேண்டாம், வீட்டோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் பில் போட்டுக் கீழே இறங்கியதும் மெத்தையில் ஒரு மலை கிடக்கும். என் கணக்குக்கு வருவது விற்ற அந்த ஒரு புடவைதான். மலையை மறுபடி அடுக்காக்கும் வேலைக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. அந்தப் பிரிவின் விற்பனையைத் தினமும் கூட்டிய எனக்கு, மடித்ததும் ஒரு கணக்குதான் என்று வெகுநாள் தோன்றவே இல்லை.

ஒரு வருடம் ஸ்டாக் எடுக்கும் இரவில் ஆள் குறைவு. நானும் மடிக்கப் போனேன். அக்கா செய்வதைப் பார்த்தால் சுலபமாக இருந்தது. பார்டரோடு பார்டர் சேர்த்து, ஒரு நுனியை முகவாயால் அழுத்திக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து ஒரு உதறு. நான் மடித்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பிரித்துப் போட்டார்.

"பழைய மடிப்புலயே மடிக்கக் கூடாது சார். ரெண்டு விரல் தள்ளிப் பிடிங்க. ஒரே இடத்துல மடிஞ்சு மடிஞ்சு கெடந்தா ஜரிகை முறிஞ்சிரும், பட்டும் இத்துப்போயிரும்."

அதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழுதென்று திரும்பி வந்த புடவைகளைப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டது. மறுநாள் பழைய கழிவுக் கணக்கைப் புரட்டினேன். அவர் ரேக்கிலிருந்து பழுதென்று கழித்தது மிகக் குறைவு. அந்தக் காசெல்லாம் லாபத்தில்தான் சேர்ந்தது, அவர் பெயரில் அல்ல. முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள். உழைப்பு என்றதும் நம் மனதில் வருவதும் அப்படிப்பட்ட பாரம்தான். புடவையில் என்ன பாரம் என்று கேட்கிறவர்கள், தீபாவளி சீசனில் ராத்திரி பத்து மணிக்கு அந்த அக்காவின் காலைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் போட்டு வந்த செருப்பு வீங்கின பாதத்தில் நுழையாது. கையில் எடுத்துக்கொண்டே படி இறங்குவார். கூட்டமே இல்லாத மதியத்திலும் உட்காரக் கூடாது. தூணில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் கூப்பிடுவார்.

2021இல் தமிழ்நாடு அரசு 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று சேர்த்தது. கேரளம் 2018லேயே செய்துவிட்டது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை அன்றைக்கு நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதற்கு முன்பே அக்கா ஊருக்குப் போய்விட்டார். முட்டிவலி.

போன வருடம் தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வேறொரு கடைக்குப் போயிருந்தோம். இந்தத் தடவை நான் எண்ணினேன்: எடுத்தது மூன்று, பிரித்துப் போட்டது முப்பத்தியொன்று. மடிக்க ஆரம்பித்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது.

"அவசரமே இல்லம்மா, கொஞ்சம் உக்காந்துட்டு மடிங்க" என்றேன்.

அந்தப் பெண் முதலில் சூப்பர்வைசரைத்தான் பார்த்தாள். பிறகுதான் ஸ்டூலை.