வீடடங்கிய முதியவரிடம் என்ன கேட்பது

"மனசு சரியில்லையா?" என்று கேட்டால் பெரும்பாலான பெரியவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். கொரோனா காலத்தில் தொலைபேசியில் நலம் விசாரித்தவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டது, உடம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, மறுபடி தூக்கம் பிடிக்கிறதா, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், காலை மாத்திரை போட்டாச்சா? படபடப்பு, மலச்சிக்கல், காரணம் பிடிபடாத வலி என்றுதான் முதுமையில் மன அழுத்தம் பல நேரம் வெளியே வரும்.

பேச்சு பிடிபட்ட பிறகு 15 கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலை எடுக்கலாம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி ஆம், இல்லை என்று சொன்னால் போதும். சோர்வைக் காட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு மதிப்பெண்; 5ஐத் தாண்டினால் மருத்துவரிடம் பேச வேண்டும். தூக்கம், பசி, வலி பற்றி அதில் கேள்வியே கிடையாது. அவை வேறு நோயாலும் கெடும் என்பதால் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.

கொரோனா ஊரடங்கில் இங்கேதான் சிக்கல் வந்தது. செய்துவந்த காரியங்களை விட்டுவிட்டீர்களா, அடிக்கடி அலுப்புத் தட்டுகிறதா, வெளியே போவதைவிட வீட்டிலிருப்பதே பிடிக்கிறதா என்று மூன்று கேள்விகள் உண்டு. சட்டப்படி கதவடைத்து உட்கார்ந்திருந்தவர் மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது சோர்வா, சட்டமா? அதனால் கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் எந்தக் கேள்வியில் மதிப்பெண் ஏறியது என்று பாருங்கள். வாழ்க்கை வெறுமை, நம்பிக்கை இல்லை, நான் எதற்கும் உதவாதவன் என்ற பதில்கள்தான் கனமானவை. அவை வந்தால், உயிரை விட்டுவிடும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. உண்டு என்றால் அவரைத் தனியே விடக்கூடாது, கைக்கெட்டும் மாத்திரைகளை அப்புறப்படுத்தி உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

ஞாபகமறதி முற்றியவரிடம் இந்த அளவுகோல் நம்பகமில்லை. காது மந்தமானவரின் மௌனத்தையும் சோகம் என்று எண்ணிவிடாதீர்கள். கத்தினால் ஒலி சிதையும். குரலின் சுருதியைத் தாழ்த்தி நிதானமாகப் பேசுங்கள். வீடியோ அழைப்பென்றால் முகக்கவசம் இல்லாமல், வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். உதட்டசைவு பாதி சொல்லிவிடும்.

நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பினால் அதை மன அழுத்தத்தின் கணக்கில் எழுதாதீர்கள். தொற்று, சோடியம் குறைவு, புது மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். முதியவர்களுக்குக் கொரோனா காய்ச்சலே இல்லாமலும் இப்படி வந்ததுண்டு. அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். தூக்கத்துக்கென்று டைபென்ஹைட்ரமின் என்ற அலர்ஜி மருந்து கலந்த மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். அதுவே குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொண்டுவரும், விழவும் வைக்கும்.

எல்லா முதியவரும் உடைந்துபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பில், 65 வயதைத் தாண்டியவர்களைவிட இளைஞர்களே அதிகப் பதற்றமும் சோர்வும் சொன்னார்கள். ஆகவே நன்றாக இருப்பவரை நோண்டாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், ஒரே நேரத்தில் அழையுங்கள். பத்து மணி என்று சொல்லிவிட்டுப் பதினொன்றுக்கு அழைத்தால், இடைப்பட்ட ஒரு மணி நேரமும் அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.